திரைக்கு முன்னே மூன்று வரிசைகள்

மஃரிபுத் தொழுகை முடிந்து நாம் வீடு திரும்பியிருந்தோம். பாகப்பிரிவினை பற்றி ஒரு விளக்கம் வேண்டி நண்பர் ஒருவர் வந்து கூடத்தில் அமர்ந்திருந்தார். அரசாங்க உத்தியோகத்தில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவர், அளந்து பேசுபவர், எளிதில் சிரிக்காதவர் என்று காரைக்காலில் பெயரெடுத்தவர். மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று என்று நாம் கணக்கை விரித்துக்கொண்டிருந்தோம். கூடத்தின் மறு மூலையில் நம் பேரன் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். திரையில் ஒரு பூனை ஓர் எலியைத் துரத்திக்கொண்டிருந்தது.

நண்பரின் செவி நம்மிடம் இருந்தது. கண் திரையில் இருந்தது. துரத்தி வந்த பூனை கதவில் மோதியது. தாளைப் போலத் தட்டையாகியது. பிறகு அந்தத் தாள் மெல்ல மடிந்து மடிந்து தரையில் விழுந்தது. நண்பர் தம்மை மறந்து வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மறுகணமே தோளில் கிடந்த துண்டால் வாயை மூடிக்கொண்டு, "மன்னிக்க வேண்டும் ஹஜ்ரத்! இந்த வயதில் இது நமக்குத் தகுமா?" என்றார்.

உடனே ஒரு பதில் சொல்லி அவரை ஆறுதல்படுத்தியிருக்கலாம். சொல்ல நா எழவில்லை. ஏனெனில் அதே கேள்வியை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் நாமே மற்றொருவரிடம் கேட்டிருக்கிறோம். கேட்ட நாளிலிருந்து அக்கேள்வி நம் நெஞ்சில் ஒரு முள்ளாகத் தங்கிவிட்டது. அன்பர்களின் முன்னிலையில் அதை இன்று எடுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அது 1985ஆம் ஆண்டு. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இல் தொடங்கியிருந்த போதிலும் அதன் அலைகள் நம் கடற்கரையை எட்டவில்லை. நமக்குக் கிட்டியது கடலுக்கு அப்பாலிருந்து வந்த காட்சி. இலங்கை ரூபவாஹினி 1982இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அந்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகல மலையிலிருந்து புறப்பட்ட அலைகளுக்குக் குறுக்கே கடல் ஒரு தடையாக இருக்கவில்லை. சிங்கப்பூரிலிருந்தும் மலேயாவிலிருந்தும் திரும்பிய சபராளிகளின் வீட்டு மாடிகளில் இரும்புக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி ஆண்டெனாக்களை நட்டார்கள். காற்று திசை மாறினால் ஒருவர் மாடியேறிக் குழாயைத் திருப்புவார், கீழேயிருந்து ஒருவர் "வந்துவிட்டது, வந்துவிட்டது!" என்று குரல் கொடுப்பார். நம் தெருவில் அத்தகைய வீடு ஒன்று இருந்தது. மாலையில் தெருப்பிள்ளைகள் அனைவரும் அங்கே கூடிவிடுவார்கள்.

அக்கூட்டத்தில் எங்கள் பாட்டனாரும் இருந்தார். முப்பது ஆண்டுகளுக்குமேல் பினாங்கில் கடை வைத்திருந்தவர். அரபுத்தமிழ் நூல்களைச் சரளமாக வாசிப்பவர். ஐவேளைத் தொழுகையைப் பள்ளிவாசலில் நிறைவேற்றுபவர். அவருக்கென்று அவ்வீட்டார் ஒரு சாய்வு நாற்காலியைப் போட்டு வைத்திருந்தனர். திரையில் முயலும் வாத்தும் பூனையும் சிங்களத்தில் பேசும். அம்மொழியில் ஒரு சொல்லும் அங்கிருந்த எவருக்கும் தெரியாது. ஆயினும் பிள்ளைகள் சிரிப்பார்கள். பிள்ளைகளைவிட ஒரு படி உரக்கப் பாட்டனார் சிரிப்பார்.

நமக்கு அப்போது வயது 17. அரபுக் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தோம். நான்கு கிதாபுகளைப் புரட்டிவிட்ட பெருமிதம் தலையில் ஏறியிருந்தது. பாட்டனாரை அழைத்துவர அவ்வீட்டுக்குச் சென்ற நாம், அத்தனை பிள்ளைகளின் முன்னிலையில், "நரைத்த தாடியை வைத்துக்கொண்டு இந்தப் பொம்மைக் கூத்தைப் பார்த்துச் சிரிப்பது உங்களுக்குத் தகுமா?" என்று கேட்டுவிட்டோம். அவர் நம்மை ஏறிட்டுப் பார்த்தார். கோபம் கொள்ளவில்லை. "சரி தம்பி" என்றார். எழுந்து, வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு நமக்கு முன்னால் நடந்தார்.

மறுநாள் முதல் அவர் அங்கே செல்லவில்லை. மாலை வேளைகளில் திண்ணையில் அமர்ந்திருப்பார். நான்கு வீடு தள்ளிப் பிள்ளைகளின் சிரிப்பு எழும்பும்போது அந்தத் திசையில் முகத்தைத் திருப்புவார். அவ்வளவுதான். மூன்று ஆண்டுகள் கழித்து அவர் வஃபாத்தானார். நாம் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற அறிவே அப்போது நமக்கு இருக்கவில்லை.

நாம் அன்று அவர்மீது சுமத்திய குற்றங்களை இன்று பிரித்துப் பார்க்கிறோம். மூன்று தெரிகின்றன. இது பொய், மிருகம் பேசுவதில்லை. இது சிறுபிள்ளைத்தனம், வளர்ந்தவனுக்கு ஆகாது. இது கொடுமை, அடிபடுவதைக் கண்டு சிரிக்கச் செய்கிறது. இன்றும் கார்ட்டூன் படங்களைக் குறை கூறும் பெற்றோர் பெரும்பாலும் இம்மூன்றில் ஒன்றையே சொல்கின்றனர். உருவம் வரைதல் பற்றிய மார்க்கச் சட்டப் பிரச்சினை வேறொன்றும் உண்டு. அதில் இமாம்களுக்கிடையே கருத்து வேறுபாடு இருப்பதை அன்பர்கள் அறிவார்கள். சிறுவரின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு விலக்களித்தவர் பலர். அதனை ஒப்பாதவர்களும் உளர். அதற்குத் தீர்ப்புக் கூறுவது இங்கே நம் வேலையன்று. சிரித்தவர்மீது சுமத்தப்பட்ட குற்றங்களை மட்டும் ஆராய்வோம்.

முதலாவது, பொய் என்ற குற்றம்.

சித்திரப்படம் எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வது நன்று. திரைப்படச் சுருளில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு சித்திரத்தையும் இருமுறை படமெடுத்தாலும் ஒரு விநாடிக்குப் 12 சித்திரங்கள் வேண்டும். ஆறு நிமிடம் ஓடும் ஒரு சிறு படத்துக்கு 4,320 சித்திரங்கள்! ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு நூலளவு வேறுபாடுதான். அந்த வேறுபாட்டைக் கண் இணைத்து அசைவாக்கிக்கொள்கிறது. பூனை ஓடவில்லை, ஓடியதாக நாம் காண்கிறோம். பாதி வேலையைச் சித்திரக்காரன் செய்கிறான். மீதியைப் பார்ப்பவனின் மனம் செய்கிறது.

இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? பொய் என்பது கேட்பவன் அறியாதவாறு சொல்லப்படுவது. நடிகர்களைக் கொண்டு எடுக்கும் படம் தன்னை உண்மையென்று நம்பச் சொல்கிறது. அந்தக் கண்ணீரைக் கண்டு நம் வீட்டுப் பெண்கள் உண்மையாகவே அழுகின்றனர். சித்திரப்படமோ, தான் வெறும் கோடு என்பதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறது. இரு புள்ளிகளும் ஒரு வளைகோடும் முகமாகி நிற்கின்றன. அம்முகத்துக்கு நாடு இல்லை, வயது இல்லை. அதனால் எந்நாட்டாரும் எவ்வயதினரும் அதில் தம்மைக் கண்டுகொள்ள முடிகிறது. பாட்டனார் சிங்களம் அறியாமலே சிரித்ததன் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். மொழி தெரியாத துறைமுகத்தில் இறங்கி, எதிரில் நிற்பவரின் முகத்தையும் கையையும் படித்தே வணிகம் தொடங்கியவர் அவர். சொல்லுக்கு முந்திய அந்த மொழி அவருக்குப் புதியதன்று.

பாவை உயிருள்ளது போல இயங்குவதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். திருக்குறளின் நாணுடைமை அதிகாரத்தில் கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவையை வள்ளுவர் உவமையாக எடுத்தாள்கிறார். அங்கே அவர் குறை கூறுவது பாவையையன்று. உள்ளத்தில் நாணமின்றிப் பாவையாகிவிட்ட மனிதனையே. தஞ்சைத் தரணியில் மராட்டியர் ஆண்ட காலத்தோடு தொடர்புடைய தோல்பாவைக்கூத்தையும் இங்கே நினைக்கலாம். மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட மண்டிகர் குடும்பங்கள், ஆட்டுத்தோலில் உருவம் வெட்டி வண்ணம் தீட்டி, வெள்ளைத் திரைக்குப் பின்னே விளக்கேற்றி ஆட்டின. இராமாயணமும் நல்லதங்காளும் முதிர்ந்தவர்களை உருக்கும். நடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து அடிபட்டு விழுவார்கள். அப்போது பிள்ளைகளோடு பெரியவர்களும் சேர்ந்தே சிரிப்பார்கள்.

நிழலுக்கும் இன்றைய சித்திரப்படத்துக்கும் உள்ள உறவு வெறும் கற்பனையன்று. ஜெர்மனியைச் சேர்ந்த லோட்டே ரைனிகர் என்னும் பெண்மணி கறுப்புக் காகிதத்தில் உருவங்களைக் கத்தரித்து, அவற்றைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுத்து, 1926இல் ஒரு முழுநீளச் சித்திரப்படத்தை வெளியிட்டார். இன்றுவரை அழியாமல் கிடைத்திருக்கும் முழுநீளச் சித்திரப்படங்களில் அதுவே மிகப் பழையது. அதன் கதை எது? ஆயிரத்தோர் இரவுகளிலிருந்து எடுத்த இளவரசர் அஹ்மதின் கதை. அவர் ஏறிச் செல்வது ஒரு பறக்கும் குதிரை. இந்தக் குதிரையை அன்பர்கள் சற்று நினைவில் வைத்திருக்கட்டும்.

இரண்டாவது, சிறுபிள்ளைத்தனம் என்ற குற்றம்.

பேசும் மிருகங்கள் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியவை என்று யார் சொன்னது? எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அரபியில் தந்த கலீலா வ திம்னாவை மதரஸாக்களில் அரபு உரைநடையின் முன்மாதிரியாகப் போற்றுகின்றனர். அதன் வேர் நம் நாட்டுப் பஞ்சதந்திரம். பாரசீக வேந்தர் அனூஷிர்வான் காலத்தில் மருத்துவர் புர்ஸூயா அதைப் பஹ்லவி மொழிக்குக் கொண்டு சென்றார். அங்கிருந்து அது அரபிக்கு வந்தது. அந்நூலுக்கு எழுதிய முன்னுரையில் இப்னுல் முகஃப்பஃ நான்கு நோக்கங்களைக் குறிப்பிடுகிறார். மிருகங்களின் வாய்மொழியாகச் சொல்வது வேடிக்கை விரும்பும் இளைஞரை ஈர்ப்பதற்கு. வண்ண வண்ணமான விலங்குருவங்கள் அரசர்களின் உள்ளத்தை மகிழ்விப்பதற்கு. இவ்விரண்டாலும் நூல் பலமுறை படியெடுக்கப்பட்டு, ஓவியனும் எழுத்தனும் பயனடைந்து, அது அழியாமல் நிலைப்பதற்கு. நான்காவது நோக்கம் ஞானியருக்கு மட்டுமே உரியது.

இளைஞர், அரசர், தொழிலாளர், ஞானியர் ஆகிய நால்வரையும் ஒரு நரிக்கதை ஒருங்கே அமர்த்துகிறது! சித்திரப்படம் எல்லா வயதினரையும் ஏன் ஈர்க்கிறது என்ற வினாவுக்குப் படம் பிறப்பதற்குப் பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன்பே விடை எழுதப்பட்டுவிட்டது.

இதற்கும் மேலான சான்று ஒன்று உண்டு. திருக்குர்ஆனின் எறும்பு அத்தியாயத்தை ஓதாத முஸ்லிம் வீடு ஏது? ஸுலைமான் நபியவர்களின் படை வருவதைக் கண்ட ஓர் எறும்பு தன் கூட்டத்தாரை எச்சரிக்கிறது. அச்சொல்லைச் செவியுற்ற மாமன்னர் புன்னகைத்துச் சிரித்தார் என்றே அங்கே கூறப்படுகிறது. சிரித்த உடனே இறைவனுக்கு நன்றி செலுத்த அருள் வேண்டி இறைஞ்சினார். அவருக்கு அந்தச் சிரிப்பு மதியிழந்த சிரிப்பாக இருக்கவில்லை. நன்றியின் வாசலாக இருந்தது.

அபூதாவூத் தொகுப்பில் உள்ள ஒரு செய்தியையும் அன்பர்கள் அறிவார்கள். தபூக்கிலிருந்தோ கைபரிலிருந்தோ பெருமானார் (ஸல்) அவர்கள் திரும்பியிருந்த நேரம். காற்றில் திரை விலகியது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகள் தென்பட்டன. அவற்றின் நடுவே துணியால் சிறகுகள் தைத்த ஒரு குதிரை இருந்தது. குதிரைக்குச் சிறகா என்று பெருமானார் வினவினார்கள். ஸுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததாகத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் திருப்பிக் கேட்டார்கள். கடைவாய்ப் பற்கள் தெரியுமளவு பெருமானார் சிரித்தார்கள் என்று அந்த அறிவிப்பு முடிகிறது.

பெருமானாருக்கு அப்போது ஏறத்தாழ அறுபது வயது. நெடும் பயணத்தின் களைப்பு. ஒரு சமுதாயத்தின் சுமை முழுவதும் தோளில். அந்நிலையில் ஒரு சிறகு வைத்த பொம்மைக் குதிரையின் முன் நின்று, அதைப் பற்றி வினவி, விடையை ரசித்து, சிரித்தார்கள். இச்செய்தியை மதரஸாவில் நாம் பாடமாகவே ஓதியிருந்தோம். அறிவிப்பாளர் வரிசையை அறிந்திருந்தோம். சட்ட நுணுக்கங்களை அறிந்திருந்தோம். அந்தச் சிரிப்பை மட்டும் படிக்காமல் விட்டுவிட்டோம். படித்திருந்தால் பாட்டனாரிடம் அவ்வாறு கேட்டிருக்கமாட்டோம்.

ரூபவாஹினியின் அந்தக் காட்சிகளைப் பற்றிப் பிற்காலத்தில் விசாரித்தபோது ஒரு செய்தி தெரிந்தது. அவற்றைச் சிங்களமாக்கியவர்களில் முதன்மையானவர் திரைப்பட இயக்குநரும் படத்தொகுப்பாளருமான டைட்டஸ் தொட்டவத்த. 2011இல் காலமானார். அவர் மொழிமாற்றிய தொடர்களில் ஒன்று, விலங்குகளின் மொழி அறிந்த ஒரு மருத்துவரின் கதை. 'தொஸ்தர ஹொந்த ஹித்த' என்று பெயரிட்டார். நல்ல உள்ளம் படைத்த டாக்டர் என்பது பொருள். விலங்குகளின் மொழி அறிந்தவர் என்றதும் நம் உள்ளம் எறும்பு அத்தியாயத்துக்கே சென்றது. பாட்டனாரின் உள்ளமும் அன்று அங்கே சென்றிருக்குமோ? கேட்க அவர் இல்லை.

மூன்றாவது, கொடுமை என்ற குற்றம். மூன்றிலும் இதுவே கனமானது; இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா என்ற இருவரும் 1940இல் தொடங்கிவைத்த அந்தப் பூனை எலிச் சண்டையைத்தான் நம் பேரன் இன்றும் பார்க்கிறான். அன்று அதைப் பார்த்த சிறுவர்கள் கிழவர்களாகிவிட்டனர்; பலர் மண்ணுக்குள் சென்றுவிட்டனர். பூனைக்கும் எலிக்கும் ஒரு நரையும் விழவில்லை. இரும்புச் சட்டியால் அடிபடுகிறது பூனை, நெருப்பில் கருகுகிறது, உயரத்திலிருந்து விழுகிறது. அடுத்த காட்சியில் எழுந்து நிற்கிறது. பிள்ளை இதிலிருந்து என்ன கற்கிறது? அடித்தால் வலிக்காது என்றா?

அந்த அச்சம் நமக்கும் இருந்தது. ஒருநாள் நம் தெருவில் மோட்டார் சைக்கிள் ஒன்று பூனைக்குட்டியின் காலில் ஏறிவிட்டது. முந்திய மாலை திரையில் பூனை நசுங்கியதைக் கண்டு உருண்டு சிரித்த அதே பேரன், அந்தக் குட்டியைக் கண்டு அழுத அழுகையை நிறுத்த முடியவில்லை. கோட்டுக்கும் குருதிக்கும் உள்ள வேறுபாட்டை அந்தப் பிஞ்சு நன்கு அறிந்திருந்தது. எல்லாப் பிள்ளைகளும் எல்லா வயதிலும் அவ்வாறு அறிவார்கள் என்று நாம் சாதிக்கவில்லை. பிரித்தறியாப் பருவமும் உண்டு. ஒருமுறை பார்ப்பது வேறு. நாள் முழுதும் பார்ப்பது வேறு. ஆனால் சிரிப்பைக் கொண்டு மட்டும் ஓர் உள்ளத்தைக் கொடியதென்று முடிவு செய்வது நீதியன்று என்பதை அன்று உணர்ந்தோம்.

இன்னொன்றும் தோன்றியது. விழுந்து எழும் பூனையைப் பிள்ளை ஒருவிதமாகப் பார்க்கிறது. முதியவன் வேறுவிதமாகப் பார்க்கிறான். பிள்ளைக்கு அது வேடிக்கை. வாழ்வில் பலமுறை விழுந்தவனுக்கு, வணிகத்தில் நொடித்தவனுக்கு, கடல் கடந்து சென்று வெறுங்கையோடு திரும்பி மீண்டும் சென்றவனுக்கு, அது தன் கதை. மண்டியிட்டு எழுவதற்கே முழங்கால் ஒத்துழைக்காத வயதில், நசுங்கியது எழுந்து ஓடுவதைக் காண்பதில் ஓர் ஆறுதலும் உண்டு. ஒரே காட்சிக்கு இருவரும் சிரிக்கின்றனர். இரு சிரிப்பும் ஒன்றல்ல.

இந்த வேறுபாட்டை எழுநூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். ஹிஜ்ரி 638இல், அதாவது 1240இல், மறைந்த ஷைகு இப்னு அரபி அவர்கள் அல்ஃபுதூஹாத்துல் மக்கிய்யா என்னும் பெருநூலின் 317ஆம் அத்தியாயத்தில் நிழற்கூத்தைப் பற்றிப் பேசுகிறார். அந்தச் சபையில் சிறுவர்கள் மகிழ்ந்து துள்ளுகின்றனர். கவனமற்றோர் அதைப் பொழுதுபோக்காகக் கொள்கின்றனர். அறிஞர்களோ அதில் படிப்பினை பெற்று, இறைவன் இதனை ஓர் உவமையாகவே நிறுத்தியிருக்கிறான் என்று அறிகின்றனர் என்பது அவர் கருத்து. உருவங்கள் திரைக்கு முன்னே ஆடினாலும் ஆட்டுபவன் திரைக்குப் பின்னே இருக்கிறான் என்பதே அவர் காட்ட வந்த மெய்ப்பொருள்.

ஸுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபி தம் அமைச்சர் அல்காளில் ஃபாளிலை ஒருமுறை நிழற்கூத்துக்கு அழைத்துச் சென்றதாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். முன்பு அதைப் பார்த்திராத அமைச்சர் எழுந்து செல்ல முற்பட்டார். இது ஹராம் என்றால் தாமும் பார்க்கப்போவதில்லை என்றார் ஸுல்தான். அமைச்சர் மனம் மாறி இறுதிவரை அமர்ந்திருந்தார். எப்படி இருந்தது என்று ஸுல்தான் கேட்க, அரசுகள் போவதையும் அரசுகள் வருவதையும் கண்டதாகவும், திரையைச் சுருட்டியபோது ஆட்டியவன் ஒருவனே என்று அறிந்ததாகவும் அவர் விடையளித்தாராம்.

இப்னு அரபியின் அந்தப் பக்கத்தை முதலில் படித்த நாளில் நாம் நாற்பதைக் கடந்திருந்தோம். புத்தகத்தை மூடிவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். திரைக்கு முன்னே மூன்று வரிசைகள் இருக்கின்றன. முதல் வரிசையில் சிறுவர், அடுத்து கவனமற்றோர், மூன்றாவதில் அறிந்தோர். 17 வயதில் நாம் மூன்றாவது வரிசையில் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொண்டோம். உண்மையில் எந்த வரிசையிலும் நாம் இல்லை. வாசலில் நின்று உள்ளே இருந்தவரை எழுப்பிவிட்டோம். வயது ஒருவனை முதல் வரிசையிலிருந்து மூன்றாவதற்குக் கொண்டுசெல்லலாம். ஆனால் முதல் வரிசையின் மகிழ்ச்சியை இகழ்பவன் மூன்றாவதைச் சென்றடைவதில்லை. அவனும் கவனமற்றவனே, அவனுடைய கவனமின்மைக்கு அறிவு என்று பெயரிட்டுக்கொண்டிருக்கிறான்.

இதிலிருந்து பெற்றோருக்கு ஒரு கடமை பிறக்கிறது. பஞ்சதந்திரத்தின் முதற் கதையில் கோள் சொல்லிச் சிங்கத்தையும் காளையையும் பிரித்த நரி, காளை கொல்லப்பட்ட பிறகும் தண்டனையின்றி அமைச்சனாகவே இருந்துவிடுகிறது. அரபு நூலில் மட்டும் அதன்பின் ஓர் அத்தியாயம் கூடுதலாக உள்ளது. திம்னாவின் மீது வழக்கு நடக்கிறது, சாட்சிகள் வருகின்றனர், குற்றம் நிறுவப்பட்டு அவன் தண்டிக்கப்படுகிறான். அது அரபியில் புதிதாகச் சேர்க்கப்பட்டது என்பது ஆய்வாளர்களின் கருத்து. கதை கேட்டவரின் உள்ளத்தில் நீதி குறைபட்டு நிற்கக்கூடாது என்ற அக்கறை அதில் தெரிகிறது.

திரையில் ஓடும் சித்திரக்கதைகள் பலவற்றில் இந்த வழக்கு அத்தியாயம் இல்லை. ஆறு நிமிடத்தில் முடிந்துவிடுகின்றன. அந்த அத்தியாயத்தை எழுத வேண்டியவர் பக்கத்தில் அமர்ந்திருக்கும் பெரியவர். "எலி செய்தது சரியா? பூனைக்கு யார் சோறு போடுவது?" என்று ஒரு கேள்வி போதும். ஆனால் பக்கத்தில் யார் அமர்ந்திருக்கிறார்கள்? 2007இல் சுட்டி டிவி தொடங்கியபோது சித்திரங்கள் தமிழ் பேசின. சிங்களக் காட்சியைப் புரியாமல் பார்த்த தலைமுறை மகிழ்ந்தது. இன்றோ பிள்ளை உணவுண்ண மறுத்தால் அலைபேசியைக் கையில் கொடுத்துவிட்டு அகன்றுவிடுகிறோம். பிள்ளை தனியே சிரிக்கிறது. அன்று தெருவே ஒரு பெட்டியின் முன் கூடியது. இன்று ஒரே வீட்டில் நால்வர் நான்கு திரைகளைப் பார்க்கின்றனர். குற்றம் சித்திரத்தின் மீது மட்டுமா?

மலேசியாவிலுள்ள நம் உறவினர் வீடுகளில் உப்பின், இப்பின் என்ற இரட்டைச் சிறுவர்களின் சித்திரத்தொடரை அறியாதவர் இல்லை. 2007ஆம் ஆண்டு ரமலானில், நோன்பின் அருமையைப் பிள்ளைகளுக்கு உணர்த்துவதற்காகவே அது தொடங்கப்பட்டது. தாய் தந்தையற்ற அச்சிறுவர்கள் பாட்டியோடும் அக்காளோடும் வாழ்கின்றனர். சீனச் சிறுமியும் இந்தியச் சிறுவனும் அவர்களுக்குத் தோழர்கள். அக்கதையில் பிள்ளைகள் கேள்வி கேட்கும்போதெல்லாம் விடை சொல்ல வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். அத்தொடர் முதியோரையும் கவர்வதற்கு அது ஒரு காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது. திரைக்கு உள்ளே இருக்கும் அந்த முதியவர் திரைக்கு வெளியேயும் இருந்தால் எவ்வளவு நன்று!

துண்டால் வாயை மூடிய நண்பரிடம் இவ்வளவையும் நாம் சொல்லவில்லை. சிறகு வைத்த குதிரையின் செய்தியை மட்டும் சொன்னோம். கேட்டு முடித்ததும் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, பேரன் பக்கமாக நாற்காலியை நகர்த்திக்கொண்டார். பாகப்பிரிவினைக் கணக்கு சற்று நேரம் காத்திருந்தது. படம் முடிந்ததும் பேரன் திரும்பி, "இரண்டு பேரில் யார் கெட்டவன்?" என்று கேட்டான். எலி என்றார் நண்பர். பூனை என்றோம் நாம். வீட்டுக்காரன் கண்டிக்கும்வரை பூனை என்னதான் செய்யும் என்று அவர் வாதாடினார். இஷா பாங்கு ஒலிக்கும்வரை வழக்கு முடியவில்லை.

பள்ளிவாசலுக்கு நடக்கும்போது அந்தப் பழைய வீட்டைக் கடந்தோம். மாடியில் இரும்புக் குழாய் இல்லை. அது நின்ற அடையாளம் மட்டும் சுவரில் இருக்கிறது. பாட்டனாருக்காக நாம் ஓதும் துஆவில் அண்மைக் காலமாக ஒரு வேண்டுதல் சேர்ந்திருக்கிறது. அவருடைய பிழைகளை மன்னிக்குமாறு இறைவனிடம் கேட்டுவந்த நாம், அவரிடம் நாம் செய்த பிழையை மன்னிக்குமாறும் இப்போது கேட்கிறோம். இதை வாசிக்கும் இளைஞர் எவருக்கேனும் வீட்டில் சிரிக்கத் தெரிந்த முதியவர் ஒருவர் இருந்தால், அவர் பக்கத்தில் சென்று அமரட்டும்.